யாருக்கு அந்த ஏணி

"ஏணி ஒண்ணுதான் இருக்கு, கோச். ரெண்டு ஏணி கேட்டா நான் எங்க போவேன்?"

"ரெண்டு யார் கேட்டா? ஒண்ணு போதும். ஜெயிக்கறவங்க ஏறட்டும். அவ்வளவுதான் கேக்கறேன்."

"தேசியப் போட்டிக்குப் போறவங்கதான் ஏறணும். விதி அப்படி."

"அப்போ தோத்தவங்க மேல ஏறி வலைய வெட்டுவாங்க. ஜெயிச்ச என் பிள்ளைங்க கீழ நின்னு கை தட்டணும்."

"கை தட்டணும்னு விதியில இல்ல."

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஓவன்ஸ்பரோ நகர அரங்கத்தின் பின்பக்கத் தாழ்வாரத்தில் நடந்த பேச்சு இது. கத்திக்கொண்டிருந்தது நடீன் கெசிங்கர். ஹார்லோ கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியின் கோச், ஐம்பத்திரண்டு வயது. கத்தாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் கர்ட்டிஸ் வாண்டிவீர், லைம்ஸ்டோன் கான்ஃபரன்ஸ் என்கிற பத்துக் கல்லூரி லீக்கின் துணை ஆணையர். கழுத்தில் அடையாள அட்டை, கையில் தடிமனான ஒரு ஃபைல். அவருக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றது அந்த ஏணி. புத்தம்புதிய அலுமினிய ஏணி. படிக்குப் படி கான்ஃபரன்ஸின் நீல ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

அன்று மதியம் ஒரு மணிக்கு இறுதி ஆட்டம். ஹார்லோவும் வெக்ஸ்ஃபோர்ட் ஸ்டேட்டும். பட்டம் வென்ற அணி ஏணி போட்டு ஏறி, ஆளுக்கு ஒரு கயிறாகக் கூடையின் வலையை வெட்டி எடுத்துக்கொள்ளும். கடைசிக் கயிற்றைக் கோச் வெட்டி, மிச்ச வலையைக் கழுத்தில் மாட்டிக்கொள்வார். அந்தப் பக்கத்தில் கூடைப்பந்து ஆடுகிற எந்த ஊரிலும் ஏழு வயதுப் பெண்ணைக் கேட்டாலும் இதைத்தான் கனவு என்று சொல்வாள். கோப்பையை எங்கேயோ கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அந்தக் கயிறு மட்டும்தான் ஆடினவளுக்குச் சொந்தம்.

ஆனால் ஹார்லோவுக்கு ஒரு சிக்கல். கீழ்ப் பிரிவிலிருந்து மேல் பிரிவுக்கு ஏறி வந்த கல்லூரி அது. அப்படி வருகிற கல்லூரி நான்கு வருடம் காத்திருக்க வேண்டும், அதுவரை தேசியப் போட்டிக்குப் போக முடியாது. இது மூன்றாவது வருடம். கான்ஃபரன்ஸ் போட்டியில் மட்டும் ஆடலாம். ஏன் ஆடலாம்? பத்துக் கல்லூரிகளில் எட்டுதான் போட்டிக்கு வரும். ஹார்லோவைக் கழற்றிவிட்டால் ஒன்பதாவது இடத்து அணியை இழுத்து வரவேண்டும். அதை யார் பார்ப்பார்கள்? அதனால் ஆடலாம். ஜெயித்தால்? ஜெயித்தால் கோப்பை ஹார்லோவுக்கு. வழக்கமாக ஜெயித்தவருக்குப் போகும் தேசியப் போட்டி இடம் மட்டும், இறுதி ஆட்டத்தில் ஹார்லோவிடம் தோற்ற அணிக்கு.

இரண்டு முறை படித்தாலும் அர்த்தம் இதுதான். ஜெயித்தவள் வீட்டுக்குப் போவாள். தோற்றவள் தேசியப் போட்டிக்குப் போவாள்.

நடீனுக்கு இதெல்லாம் தெரியும். பிள்ளைகளுக்கும் தெரியும். தெரிந்தேதான் நான்கு மாதம் ஆடினார்கள். அவள் அணியின் கேப்டன் கீர்ஸ்டன் டூலின் ஹார்லோவில் சேர்ந்தபோது கல்லூரி கீழ்ப் பிரிவில் இருந்தது. அவளைக் கேட்டுக்கொண்டா மேலே ஏறினார்கள்? இது அவளுக்கு ஐந்தாவது வருடம், கடைசி வருடம். தேசியப் போட்டி என்பது அவளுக்குக் கிடையாது, இனிமேலும் கிடையாது. அவளுக்கு மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, கான்ஃபரன்ஸ் பட்டம். அந்த ஏணி, அந்தக் கயிறு.

அதுவும் இல்லை என்று இப்போதுதான், ஆட்டத்துக்கு நாலு மணி நேரம் முன்னால் சொல்கிறார்கள்.

"இது யார் போட்ட விதி?" என்றாள் நடீன். "எவன் உக்காந்து யோசிச்சான் இத?"

வாண்டிவீர் ஃபைலைத் திறந்தார். அவசரமே இல்லாமல் பக்கங்களைத் தள்ளி ஒரு தாளை எடுத்து அவளிடம் நீட்டினார். போட்டி அமைப்பு, பதினோராவது பிரிவு. வலை வெட்டும் சடங்கு கான்ஃபரன்ஸ் சார்பாகத் தேசியப் போட்டிக்குச் செல்லும் அணிக்கு உரியது. அடியில் கோச்சுகள் கூட்டத்தின் வாக்கு விவரம். ஆதரவு பத்து, எதிர்ப்பு இல்லை.

பத்து என்றால் அவளும் சேர்த்து.

நடீனுக்குக் கான்ஃபரன்ஸில் சேர்ந்த முதல் வருடத்து மே மாதம் ஞாபகம் வந்தது. ஏரிக்கரை ஹோட்டல், ஜன்னல் திறக்காத கூட்ட அறை. அன்றைக்கு அவள் ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் போயிருந்தாள். முதல் இரண்டு இடத்து அணிகளை நேராக அரையிறுதியில் உட்கார வைக்கலாம் என்று பெரிய கல்லூரிகள் ஒரு யோசனை கொண்டுவந்திருந்தன. அதாவது மற்றவர்கள் இரண்டு நாள் ஓடிக் களைத்து வரவேண்டும், இவர்கள் ஹோட்டலில் தூங்கி எழுந்து வந்து ஆடுவார்கள்.

நடீன் நாற்பது நிமிடம் சண்டை போட்டாள். கான்ஃபரன்ஸின் கதையையே எடுத்து வைத்தாள். ஆரம்பத்தில் ஆறு கல்லூரிதான். அப்போது போட்டியே கிடையாது, லீக்கில் முதலில் வந்தவர்தான் சாம்பியன். பிறகு, ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலிருந்தும் ஒரு அணி தேசியப் போட்டிக்கு வரலாம், யார் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்றார்கள். இவர்கள் மார்ச்சில் நாலு நாள் போட்டி வைத்து முடிவு செய்தார்கள். ஏனென்றால் அந்த நாலு நாளில் வருகிற கூட்டம் இரண்டு மாதத்திலும் வராது. முதலில் லீக்கில் முதலிடம் பிடித்த அணியின் சொந்த மைதானத்திலேயே நடத்தினார்கள். ஏழு வருடத்தில் ஆறு வருடம் அந்த அணியே ஜெயித்தது. மற்றவர்கள் குதித்ததால் எல்லோருக்கும் பொதுவாக ஓவன்ஸ்பரோவுக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் பெரியவர்களுக்குச் சாதகமாகச் சாய்ந்த அமைப்பைச் சின்னவர்கள் இழுத்து நிமிர்த்தியிருக்கிறார்கள், இப்போது மறுபடி சாய்க்கிறீர்களே என்று கேட்டாள். ஆறுக்கு நாலு என்று ஜெயித்தும்விட்டாள்.

ஜெயித்த மிதப்பில் இருந்தாள். சாப்பாடு தயார் என்று யாரோ கதவைத் திறந்தார்கள். மிச்சமிருந்த பதினாலு பிரிவுகளையும் மொத்தமாக ஒரே வாக்கெடுப்பில் போட்டுவிடலாமா என்று தலைவர் கேட்டார். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். அவளும் தூக்கினாள். ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை.

"அந்த வருஷம் ஹார்லோ ஃபைனலுக்கு வரும்னு யாரு நினைச்சா, கோச்," என்றார் வாண்டிவீர். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார்.

நடீன் தாளை அவர் நெஞ்சில் வைத்து அழுத்திவிட்டுத் திரும்பினாள். திரும்பினபோதுதான் பார்த்தாள். தாழ்வாரத்தின் கோடியில் மடக்கு மேசையின் மேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள் கீர்ஸ்டன். அணியின் மருத்துவ உதவியாளர் டார்லா பெக் அவளுடைய கணுக்காலுக்கு வெள்ளை டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். டார்லாவின் கையில் டேப்பும் கத்தரியும் அப்படியே நின்றிருந்தன. இருவரும் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள்.

"இறுக்கிச் சுத்து, டார்லா," என்றாள் கீர்ஸ்டன்.

நடீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, அதனால் இன்னும் அதிகமாக வந்தது. வாண்டிவீரைத் திட்டலாம் என்றால் அந்த ஆள் காகிதத்தில் இருப்பதைத்தான் சொல்கிறார். காகிதத்தைத் திட்டலாம் என்றால் அதில் தன் கை இருக்கிறது.

அந்த வேகத்தில் அவள் போய் நின்ற இடம் கோச்சுகளுக்கான அறை. அவ்வளவு காலையிலேயே ஊர்க்காரர்கள் அங்கே ஒரு பெரிய அண்டாவில் பர்கூ வைத்திருந்தார்கள். மட்டனும் கோழியும் சோளமும் போட்டு ராத்திரி முழுக்கக் கொதிக்கவிட்ட கெட்டிச் சூப்பு. வெக்ஸ்ஃபோர்டின் கோச் கிரெட்சன் ஆம்பர்கி தனியாக உட்கார்ந்து காகிதக் கிண்ணத்தில் அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இருவருக்கும் இருபது வருடப் பழக்கம். ஒரே கல்லூரியில் உதவி கோச்சாக ஒரே மேசையைப் பகிர்ந்துகொண்டவர்கள்.

"உன் அஞ்சு பேரும் ஆடுவாங்களா கிரெட்சன்?"

ஆம்பர்கி நிமிரவில்லை. "டில்ஃபோர்டுக்குக் கணுக்கால் வீங்கியிருக்கு."

"நேத்து அரையிறுதியில முப்பத்தெட்டு நிமிஷம் ஆடினா. அப்போ வீங்கலையா?"

"நேத்து ஜெயிச்சாத்தான் நாங்க தேசியப் போட்டிக்குப் போக முடியும். அதான் ஆடினா. இன்னைக்கு ஜெயிச்சாலும் போறோம், தோத்தாலும் போறோம். அவ கால ஏன் நான் பணயம் வைக்கணும்? நீயா இருந்தா என்ன பண்ணுவ? நெஞ்சத் தொட்டுச் சொல்லு."

நடீனாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பாள். வெள்ளிக்கிழமை முதல் அரையிறுதியில் ஹார்லோ ஜெயித்த அந்த நிமிடமே, இரண்டாவது அரையிறுதிதான் உண்மையான இறுதி ஆட்டம் ஆகிவிட்டது. சனிக்கிழமை நடக்கப்போவது டிவிக்காரர்கள் நேரத்தை நிரப்ப ஆடுகிற ஆட்டம்.

"சரி, ஆட விடாத. ஆனா தோத்துட்டு அந்த ஏணியில ஏறுவியா?"

ஆம்பர்கி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "எனக்கு ஆசைன்னு நினைக்கிறியா? ஏறச் சொன்னா ஏறணும். டிவியில மூணு மணிக்கு அதான் வருது. பத்துப் பேர் கை தூக்கினோம் நடீன். என்னைய மட்டும் வந்து கேக்கற."

அதற்கு மேல் பேசினால் கிண்ணம் பறக்கும் என்று நடீனுக்குத் தெரிந்தது. வெளியே வந்தாள்.

உடைமாற்றும் அறையில் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. மறைத்து என்ன பயன், கீர்ஸ்டன் கேட்டுவிட்டாள். ஏணி நமக்கு இல்லை என்றாள். ஜெயித்தாலும் இல்லை என்றாள். அந்த விதிக்கு நானே கை தூக்கினேன், படிக்காமல் தூக்கினேன் என்று அதையும் சேர்த்துச் சொன்னாள். பதின்மூன்று பேரில் ஆறடி மூன்றங்குல உயரமான நடு ஆட்டக்காரி இமானி ராட்கிளிஃப்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஸ்காலர்ஷிப் பேப்பர் குடுக்கறப்போ எங்ககிட்ட என்ன சொன்னீங்க கோச்? ஒவ்வொரு வரியும் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்கடின்னு."

யாரோ சிரித்தார்கள். நடீன் சிரிக்கவில்லை. "சொன்னேன்," என்றாள். "நீங்க படிச்சீங்க. நான் படிக்கல."

ஒரு மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. வெக்ஸ்ஃபோர்டின் முதல் ஐந்து பேரில் ஒருத்திகூட வழக்கமான ஆட்டக்காரி இல்லை. லீக்கின் சிறந்த ஆட்டக்காரி ஒடெஸா டில்ஃபோர்ட் ஜாக்கெட்டைக் கழற்றாமல் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருந்தாள். கால் வீங்கியவள் பனிக்கட்டி வைத்திருப்பாள். அவள் காலில் பனிக்கட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை.

முதல் கால் பகுதி முடிந்தபோது ஹார்லோ இருபத்து நாலு, வெக்ஸ்ஃபோர்ட் ஒன்பது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு விளங்கிவிட்டது. டிக்கெட் காசைத் திருப்பிக் கொடு என்று மேல் வரிசையிலிருந்து ஒரு ஆள் கத்தினான். கத்தினவன் போட்டிருந்தது வெக்ஸ்ஃபோர்ட் சட்டை. ஹார்லோ பிள்ளைகளுக்கும் ஆட்டத்தில் மனம் ஒட்டவில்லை. எதிரே இருந்த சின்னப் பிள்ளைகள் உயிரைக் கொடுத்துத்தான் ஆடினார்கள், பாவம், அவர்கள் மேல் கோபப்பட என்ன இருக்கிறது? கோபம் முழுக்க பெஞ்சில் ஜாக்கெட் போட்டு உட்கார்ந்திருந்தது. இமானி பந்தைக் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பும்போதெல்லாம் அந்தப் பக்கமாகவே ஓடி, டில்ஃபோர்டைப் பார்த்துக்கொண்டே திரும்பினாள்.

இடைவேளையில் நாற்பத்தொன்றுக்கு இருபத்து நாலு. நடீனுக்குத் தன் அணி முன்னால் இருப்பதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இப்படி ஜெயித்தால் பட்டத்தோடு ஒரு பேச்சும் கூடவே வரும். வெக்ஸ்ஃபோர்ட் ஆடவே இல்லை, இல்லாவிட்டால் ஹார்லோவாவது ஜெயிப்பதாவது என்று முப்பது வருடம் சொல்வார்கள். ஏணியை விதி பிடுங்கியது. மிச்சமிருந்த பட்டத்தைக் கிரெட்சன் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது கால் பகுதியில் ஐந்து நிமிடம் போயிருக்கும். கீர்ஸ்டன் பக்கக் கோட்டருகே பந்தை உள்ளே போடுவதற்காக நின்றாள். டில்ஃபோர்ட் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேராக. கையில் பந்தோடு, பெஞ்சைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். நடீனுக்குக் கேட்கவில்லை. பிறகு கேட்டபோதுதான் கீர்ஸ்டன் சொன்னாள்.

"அடுத்த வாரமும் இதே மாதிரி உக்காந்துதான் ஆடப்போறியா?"

டில்ஃபோர்ட் எழுந்தாள். ஜாக்கெட்டைக் கழற்றித் தரையில் போட்டாள். கோச்சைக் கேட்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக நடந்து போய் ஸ்கோர் மேசைக்கு முன்னால் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து தன் எண்ணைச் சொன்னாள். கோச் அனுப்பாமல் யாரும் அந்த மேசைக்குப் போகமாட்டார்கள். கல்லூரி ஆட்டத்தில் அது நடக்கிற காரியமே இல்லை. மேசையில் இருந்தவர் ஆம்பர்கியைப் பார்த்தார். அரங்கமே ஆம்பர்கியைப் பார்த்தது.

ஆம்பர்கி இடுப்பில் கை வைத்துக் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். பிறகு பெஞ்சிலிருந்த மற்ற நான்கு வழக்கமான ஆட்டக்காரிகளையும் பார்த்து, போங்கள் என்று தலையை ஆட்டினாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆட்டம். டில்ஃபோர்ட் இறங்கிய மூன்றாவது நிமிடத்தில் வித்தியாசம் பதினேழிலிருந்து ஒன்பதுக்கு வந்துவிட்டது. நடீன் தொண்டை கிழியக் கத்தினாள். இரண்டு முறை நேரம் கேட்டு ஆட்டத்தை நிறுத்தினாள். உள்ளுக்குள் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, ஆனால் அதை நினைத்துப் பார்க்க நேரமில்லை. கடைசிக் கால் பகுதியில் மூன்று நிமிடம் மிச்சமிருந்தபோது அறுபதுக்கு அறுபது. இமானிக்கு நாலு ஃபவுல். இன்னும் ஒன்று என்றால் வெளியே போகவேண்டும்.

ஏழு விநாடி இருக்கும்போது ஹார்லோ அறுபத்தாறு, வெக்ஸ்ஃபோர்ட் அறுபத்தைந்து. பந்து டில்ஃபோர்டிடம். கீர்ஸ்டன் அவளை விடவில்லை, அவளை விட அரை அடி குட்டையானவள், இருந்தாலும் நெஞ்சோடு நெஞ்சாகப் பின்னால் நகர்ந்துகொண்டே வந்தாள். டில்ஃபோர்ட் எகிறிப் போட்டாள். பந்து வளையத்தில் பட்டு மேலே எழும்பியது, மறுபடி பட்டது, வெளியே விழுந்தது. விழுந்த பந்தை இமானி இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் சுருண்டுகொண்டாள். மணி அடித்தது.

கை கொடுக்கிற வரிசையில் டில்ஃபோர்ட் கீர்ஸ்டனிடம் நின்றாள். "கடைசிப் பதினஞ்சு நிமிஷம் நான் நிஜமாத்தான் ஆடினேன்," என்றாள். "அதுல நீங்க ஜெயிச்சீங்க. யார் என்ன சொன்னாலும் நான் சொல்றேன்."

கோப்பையைக் கொடுக்க அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு நிமிடம். வாண்டிவீர்தான் கொடுத்தார், நடீனின் கையில் திணித்தார் என்றுதான் சொல்லவேண்டும். பிறகு டிவி காமிராக்கள் எல்லாம் திரும்பி எதிர்ப்பக்கக் கூடைக்கு ஓடின. ஏணியைத் தூக்கிக்கொண்டு இரண்டு ஆட்கள் வந்தார்கள். புதுத் தொப்பிகள் ஒரு அட்டைப் பெட்டியில் வந்தன. ஒலிபெருக்கியில், தேசியப் போட்டிக்குச் செல்லும் வெக்ஸ்ஃபோர்ட் ஸ்டேட் என்று வாழ்த்தினார்கள்.

வெக்ஸ்ஃபோர்ட் பிள்ளைகள் ஏணியைச் சுற்றி நின்றார்கள். யாரும் முதல் படியில் கால் வைக்கவில்லை. டில்ஃபோர்ட் தொலைவில் தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஆம்பர்கி ஏதோ சொல்ல, முதல் பாதியில் ஆடிய இரண்டு சின்னப் பிள்ளைகள் ஏறினார்கள். ஒருத்தி அழுதுகொண்டே வெட்டினாள். காமிரா அதை ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டது.

நடீன் கோப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு நின்றாள். ஜெயித்த அணி ஒரு ஓரத்தில் கல்யாண வீட்டுக்கு அழைக்காமல் வந்தவர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தது. அப்போது கீர்ஸ்டன் டார்லாவிடம் போய் கையை நீட்டுவதைப் பார்த்தாள். டார்லா இடுப்புப் பையைத் திறந்து, டேப் வெட்டுகிற அந்தக் கத்தரியை எடுத்துக் கொடுத்தாள்.

இந்தப் பக்கக் கூடை காலியாக இருந்தது. இமானி அதன் கீழே போய்க் குனிந்தாள். கீர்ஸ்டன் அவள் தோளில் ஏறி உட்கார்ந்தாள். இமானி எழுந்தாள்.

நடீன் நினைத்திருந்தால் நிறுத்தியிருக்கலாம். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளைகள் இறங்கியிருப்பார்கள். அவள் சொல்லவில்லை. வாண்டிவீர் ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்தபோது அவருக்கு எதிரே போய் நின்றுகொண்டாள்.

"கோச், அவங்கள இறக்குங்க. ஒரு கூடையிலதான் வெட்டணும். இது அரங்கத்தோட சொத்து."

"ஏணி ஒண்ணுதான் இருக்குன்னீங்க. நான் ஏணி கேக்கலையே."

"விளையாடாதீங்க. விதி இருக்கு. நீங்களே..."

"நானேதான் கை தூக்கினேன். தெரியும். காலையிலேர்ந்து அது ஒண்ணுதான் என் தலைக்குள்ள ஓடுது. எழுதிக்கோங்க, என் பேர எழுதிக்கோங்க. பிள்ளைங்க பேர எழுதினீங்கன்னா நாம வேற மாதிரி பேசவேண்டியிருக்கும்."

அவர் இடது பக்கம் வந்தார், அவளும் வந்தாள். வலது பக்கம் போனார், அவளும் போனாள். முப்பது வருடமாகப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த தடுப்பாட்டம், அதுகூடவா மறந்துபோகும்.

தோளில் உட்கார்ந்திருந்த கீர்ஸ்டனுக்கு வளையம் எட்டவில்லை. எவ்வளவு நீட்டினாலும் கை வலையின் நடுவரைதான் போயிற்று. அதனால் நடுவில் வெட்டினாள். ஒவ்வொரு கயிறாக, பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். வலையின் கீழ்ப் பாதி அவள் கையோடு வந்தது. மேல் பாதி வளையத்திலேயே பிய்ந்து தொங்கியது. பதின்மூன்று பேரும் அந்தப் பாதி வலையிலிருந்து ஆளுக்கு ஒரு துண்டு நறுக்கிக்கொண்டார்கள். டார்லாவுக்கும் ஒன்று கொடுத்தார்கள். மிச்சத்தைக் கொண்டுவந்து நடீனிடம் நீட்டியபோது அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"எனக்கு வேணாம். நான் கை தூக்கினவ."

"சரி கோச்," என்றாள் கீர்ஸ்டன். அதைத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டாள். வாங்கிக்கொள்ளுங்கள் கோச் என்று கெஞ்சுவாள் என்று நடீன் கொஞ்சம் எதிர்பார்த்திருந்தாள். கெஞ்சவில்லை. அதுவும் நியாயம்தான்.

ஒன்பதாம் நாள் கான்ஃபரன்ஸிலிருந்து கடிதம் வந்தது. கோச் கெசிங்கருக்கு அதிகாரபூர்வக் கண்டனம். அடுத்த வருடப் போட்டியின் முதல் ஆட்டத்தில் அவள் பெஞ்சில் உட்காரக் கூடாது. சேதப்படுத்தப்பட்ட வலையின் பாகத்தை மாதக் கடைசிக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். பாதி வலையை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள், மேல் பாதியோடு சேர்த்துத் தைப்பார்களா? நடீன் அந்தக் கடிதத்தை இந்த முறை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். வலையைப் பற்றிய வரிக்கு மட்டும் பதில் எழுதினாள். பதின்மூன்று பேர் பதின்மூன்று ஊருக்குப் போய்விட்டார்கள், நீங்களே போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்று.

வெக்ஸ்ஃபோர்ட் தேசியப் போட்டியின் முதல் சுற்றில் முப்பத்தொரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. டில்ஃபோர்ட் முழு நேரமும் ஆடினாள். நடீன் அதைப் பார்த்தபோது சந்தோஷப்பட முயன்றாள். வரவில்லை.

மே மாதம் மறுபடி அதே ஏரிக்கரை ஹோட்டலில் கூட்டம். பதினோராவது பிரிவை மாற்றவேண்டும், பட்டம் வென்றவர்கள்தான் ஏணியில் ஏறவேண்டும் என்று நடீன் எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஒருத்தர் கொண்டுவந்தால் போதாது. இன்னொரு கோச் வழிமொழிந்தால்தான் விவாதத்துக்கே எடுப்பார்கள். எட்டுப் பேரிடம் பேசிவிட்டாள். நியாயம்தான், ஆனால் அடுத்த வருடத்தோடு உங்கள் காத்திருப்பு முடிந்துவிடுமே, இனி யாருக்கு இந்தப் பிரச்சனை வரப்போகிறது என்று எட்டுப் பேரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். கீர்ஸ்டனுக்கு வந்ததே என்று அவள் சொன்னபோது பேச்சை மாற்றினார்கள். ஒன்பதாவது ஆள் கிரெட்சன் ஆம்பர்கி. அவளுக்கு நாலு முறை ஃபோன் செய்தாயிற்று. எடுக்கவில்லை. கூட்டத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் ஆடினவர்கள் இருப்பீர்கள், ஆடுகிற பிள்ளைகளைப் பெற்றவர்கள் இருப்பீர்கள். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கவேண்டும். தோற்றுவிட்டு அந்த ஏணிக்குக் கீழே நிற்கிறீர்கள், கோச் ஏறு என்கிறார், காமிரா காத்திருக்கிறது. ஏறுவீர்களா? சும்மா நியாயம் பேசவேண்டாம், நிஜமாக என்ன செய்வீர்கள் என்று கீழே எழுதுங்கள். வெக்ஸ்ஃபோர்ட் பக்கத்து ஆட்கள் யாராவது இருந்தால் நீங்கள் முதலில் எழுதுங்கள்.